ஏரிக்கரைக் குடிலில் நான்கு நாள்

பள்ளித் தேர்வுகள் முடியும் தறுவாயில் நம் இல்லங்களில் ஒரே பேச்சு எழுகின்றது: இவ்வாண்டு எங்கே போவது? முன்னாளில் வேளாங்கண்ணிக்கோ பூண்டிக்கோ சென்று, திரும்பும் வழியில் பாட்டி வீட்டில் இரண்டு நாள் தங்கி வந்தால் விடுமுறை நிறைவு பெற்றுவிடும். இன்றோ மலைமேல், ஏரிக்கு அருகில், ஒரு சிறு குடிலை வாடகைக்கு எடுத்துக் குடும்பமாகத் தங்கி வருவது நடுத்தர வருவாயுள்ள குடும்பங்களுக்கும் எட்டுகின்ற காரியமாகிவிட்டது. காட்டேஜ் என்று மலையில் அனைவரும் வழங்குவது இதனையே.

விடுதி அறைகளைவிட இத்தகைய குடில் நம் குடும்பங்களுக்கு ஏற்றது என்றே நாம் கருதுகிறோம். விடுதியில் இருவருக்கு ஓர் அறை என்று பிரித்துவிடுவார்கள். பாட்டி ஓர் அறையிலும் பேரப்பிள்ளைகள் வேறோர் அறையிலும் கிடப்பார்கள். குடிலிலோ அனைவரும் ஒரே கூரையின் கீழ். இரவில் ஒன்றாய் அமர்ந்து குடும்பச் செபமாலையை வாய்விட்டுச் சொல்லலாம். அடுத்த அறைக்காரர் சுவரைத் தட்டமாட்டார்.

ஆனால் குடிலில் ஒரு சமையலறையும் உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகின்றது. தந்தையும் பிள்ளைகளும் ஏரியில் படகு விட்டுப் பசியோடு திரும்புவார்கள். சுடச்சுட உணவு காத்திருக்கும். காத்திருக்கச் செய்தவர் யார்? ஊரில் ஓராண்டு முழுவதும் அடுப்படியில் நின்ற அதே தாய்தான். கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திற்குத் தம் அடுப்பைச் சுமந்து சென்றதே அவர் கண்ட பலன் என்றால், அதனை ஓய்வு என்று எப்படி அழைப்பது?

இயேசு மலைமேல் உருமாறியபோது பேதுரு மகிழ்ச்சி மிகுதியால் அங்கேயே மூன்று கூடாரங்கள் அமைக்கலாம் என்றார். தாம் சொல்வது இன்னதென்று அறியாமலே அவர் அவ்வாறு பேசினார் என்று லூக்கா குறித்திருக்கின்றார். அக்கூடாரங்களில் சமைப்பது யார் என்று பேதுரு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நம் இல்லத் தலைவர்கள் பலரும் இவ்வகையில் பேதுருவின் வழித்தோன்றல்களே!

ஆகவே பயணத் திட்டத்தை உணவிலிருந்து தொடங்குங்கள். வீட்டார் அனைவரும் ஒரு மாலை ஒன்றாக அமர்ந்து, எந்த வேளை என்ன உணவு, அதைச் செய்பவர் யார், பாத்திரம் கழுவுபவர் யார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். நாளொன்றுக்கு ஒருவேளை உணவகத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். இரவு உணவுப் பொறுப்பைத் தந்தையும் வளர்ந்த பிள்ளைகளும் ஏற்கட்டும். உப்புமாவும் முட்டைக் குழம்பும் ஆண்பிள்ளைக்கு அப்பாற்பட்ட கலைகள் அல்ல. மலையின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வுயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆதலால் திறந்த பானையில் அரிசியும் பருப்பும் வேக நெடுநேரம் பிடிக்கும். பிரஷர் குக்கர் இல்லாமல் ஏறவேண்டாம். இட்லி மாவு அக்குளிரில் எளிதில் புளிக்காது. அதை நம்பிக் காலை உணவைத் திட்டமிட்டவர்கள் பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்க ஓடியதுண்டு. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரவை ஆகியவை கைகொடுக்கும். முதல் நாள் இரவுக்குப் புளியோதரை கட்டிச் சென்றால் அன்று அடுப்பே மூட்ட வேண்டியதில்லை.

எங்கே செல்வது? ஏரியும் குடிலும் ஆலயமும் ஒருங்கே அமைந்த இடமாகக் கோடைக்கானலையே எடுத்துக்கொள்வோம். நகரின் நடுவிலுள்ள நட்சத்திர வடிவ ஏரி இயற்கையாய் அமைந்தது அன்று. மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்சு துரை 1863-ஆம் ஆண்டில் ஓடைக்குக் கரை கட்டி உண்டாக்கியது. கரையைச் சுற்றி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். பாட்டியும் பையப் பைய நடக்கலாம். இருபது கிலோமீட்டருக்கு அப்பால் காட்டின் நடுவே பேரிஜம் ஏரி உள்ளது. பெரியகுளம் மக்கள் பருகும் நீர் அங்கிருந்தே வருகின்றது. எனவே அதில் கைகால் அலம்புவதும் குப்பை எறிவதும் அயலார் குடத்தில் செய்வதற்கு ஒப்பாகும். வனத்துறை அனுமதியின்றி அங்கே செல்லலாகாது. யானை நடமாட்டம் இருப்பின் அனுமதி கிடைக்காது. பூண்டுக்குப் பெயர்பெற்ற பூம்பாறையைக் கடந்து சென்றால் மன்னவனூர் ஏரியும் புல்வெளியும் ஆட்டுப்பண்ணையும். பிள்ளைகளுக்கு இம்மூன்றிலும் மிகவும் பிடிப்பது அதுவே, ஆடுகள்தாம் காரணம்.

சித்திரை, வைகாசியில் மலைப்பாதை வண்டிகளால் நிரம்பி வழியும். இந்நெரிசல் காரணமாகவே சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024-ஆம் ஆண்டு மே 7 முதல் கோடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. புறப்படுமுன் அப்போதுள்ள விதியைக் கேட்டறிந்து பதிவு செய்துகொள்ளுங்கள். சனிக்கிழமை விடியலில் மலையேறிச் செவ்வாயன்று இறங்குவது நன்று என்பது நம் பரிந்துரை. ஞாயிறன்று ஊரே கூட்டமாயிருக்கும்போது திருப்பலிக்குச் சென்று குடிலிலேயே தங்கி இளைப்பாறலாம். கூட்டம் இறங்கிய பின், திங்களன்று ஏரிகளைக் காணலாம்.

குடிலைத் தெரிந்தெடுக்கும்போது சன்னல் வழியே ஏரி தெரிகின்றதா என்றுதான் பலரும் கேட்கின்றனர். பாட்டிக்கு எத்தனை படி, கழிவறை உள்ளேயா வெளியேயா, வெந்நீர் எந்த முறையில் வருகின்றது, அறைக்குக் காற்றோட்டம் உண்டா என்பவற்றை முதலில் கேளுங்கள்.

காற்றோட்டத்தைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். குளிர் தாங்காமல் கரியடுப்பையோ இறைச்சி வாட்டிய தணலையோ அறைக்குள் கொண்டுவந்து வைத்து, கதவு சன்னல்களை இறுகச் சாத்திவிட்டு உறங்கியவர்கள் காலையில் எழாமற்போன செய்தியை நாளேடுகளில் ஒருமுறைக்கு மேல் படித்திருக்கின்றோம். தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வெளிப்படுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண் எரியாது, இருமலும் வராது. நாம் சுவாசிக்கும் உயிர்வளியைச் சுமக்க வேண்டிய இரத்தத்தில் அது இடம்பிடித்துக்கொள்வதால், தலைவலியும் மயக்கமும் உண்டாகி, உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழக்கின்றார். சாம்பல் பூத்து அணைந்ததுபோல் தோன்றும் கரியும் இவ்வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். எனவே கரித்தணல் எவ்வகையிலும் அறைக்குள் வரலாகாது. புகைபோக்கியுடன் கூடிய கணப்பு இருந்தாலும், உறங்குமுன் அதை முற்றிலும் அணைத்து, சன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள். குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கலம் இருந்தால் அங்கும் இதே எச்சரிக்கை தேவை. குளிருக்குக் கம்பளியும் காலுறையும் குல்லாயும் போதும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் ஆதலால் ஆளுக்கு ஒரு கம்பளி கூடுதலாக.

மற்றவை சுருக்கமாக. வத்தலக்குண்டு கடந்து வளைவுகள் தொடங்குமுன் பிள்ளைகளுக்கு வயிறு நிறைய உணவளிக்க வேண்டாம். மிதவைச் சட்டை அணியாமல் எவரும் படகில் ஏறலாகாது. எவர்சில்வர் புட்டிகளும் துணிப்பைகளும் கொண்டு செல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 முதல் நம் மாநிலத்தில் தடை உள்ளது.

கோடைக்கானலில் திருப்பலி என்றதும் சலேத் அன்னை ஆலயம் நினைவுக்கு வரும். குன்றின்மேல் 1860-களில் இயேசு சபைக் குருக்கள் எழுப்பிய ஆலயம் அது. ஆகஸ்ட் நடுவில் அங்கே திருவிழா. அன்னை காட்சியளித்த சலேத்தும் ஒரு மலைதான். 1846-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி, மாக்சிமின் என்னும் இரு சிறுவர்முன், முகத்தைக் கைகளில் புதைத்து அழுதவண்ணம் அன்னை அமர்ந்திருந்தார். ஐந்தாண்டுகளுக்குப்பின் கிரெனோபிள் ஆயர் அக்காட்சியை ஏற்று அறிவித்தார். அன்னை அழுததற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று, ஏழாம் நாளை மக்கள் இறைவனுக்கென விட்டுவைக்கவில்லை என்பது. ஓய்வுநாள் சட்டத்தில் எசமானுக்கு மட்டுமன்றி வேலையாளுக்கும், அந்நியனுக்கும், மாட்டுக்கும்கூட இறைவன் ஓய்வு கட்டளையிட்டிருக்கின்றார். சலேத் அன்னையின் ஆலயத்தில் முழந்தாளிட்டுவிட்டுக் குடிலுக்குத் திரும்பும் குடும்பம், அன்று அம்மாவுக்கு அடுப்படி இல்லை என்று சொல்லக் கடமைப்பட்டதன்றோ? திருப்பலி நேரத்தைச் சனிக்கிழமையே கேட்டுவைத்துக்கொண்டால் ஞாயிறு காலையில் ஓட்டமும் இராது.

செவ்வாயன்று இறங்கும்போது நான்கு நாள் குப்பையை ஒரு சாக்கில் கட்டி வண்டியிலேயே கொண்டு வாருங்கள். அன்றைய இரவு உணவைச் சமவெளியில் எங்கேனும் முடித்துக்கொண்டு வீடு சேர்வது நலம். மலையிலிருந்து வரும் அழுக்குத் துணி மூட்டையை யார் துவைப்பது என்பதையும் அந்தத் தாளிலேயே, புறப்படுமுன், எழுதிவிடலாம்.