முன்கண்ணாடியின் உள்பக்கப் பிசுக்கு



விடியுமுன் சரக்கு எடுத்துத் திரும்புவது நம் தொழிலில் வாடிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு நாள் பருப்பு மூட்டைகளுடன் எங்கள் லோடு வேன் வந்துகொண்டிருந்தது. எதிரே வந்த லாரியின் விளக்கு பட்டதும் முன்கண்ணாடி முழுவதும் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துவிட்டது. ஓரமாகச் சைக்கிளில் பால் கேனுடன் சென்றவரை ஓட்டுநர் காணவில்லை. இடப்புறம் அமர்ந்திருந்த எங்கள் கண்ணில் பட்டதால் கூச்சலிட்டு பிரேக் போடச் செய்தோம். நூலிழையில் தப்பினார். தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வண்டிதான். குறை கண்ணாடியின் உள்பக்கத்தில் இருந்தது.

இது வெறும் தூசி அல்ல, எண்ணெய்ப் பிசுக்கு. டாஷ்போர்டு வளைந்து கொடுப்பதற்காக அதன் பிளாஸ்டிக்கில் எண்ணெய் போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள். வெயிலில் நிறுத்திய வண்டியில் டாஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அப்போது அப்பொருள்கள் ஆவியாகிக் கண்ணாடியில் படிகின்றன. புது வண்டியில் இது அதிகம். இதனுடன் பீடிப்புகை, சூடம், ஊதுவத்திப் புகை, மிளகாய் மூட்டையின் தூசி, கைப்பிசுக்கு எல்லாம் சேர்ந்துகொள்ளும். பகலில் கண்ணுக்குத் தெரியாது. எதிர் வெளிச்சத்தில்தான் தன் குணத்தைக் காட்டும்.

எண்ணெய்க்கை பட்ட மிட்டாய் ஜாடியை வெறும் தண்ணீரில் துடைத்தால் என்ன ஆகும்? பிசுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. கண்ணாடிக்கும் அதே கதைதான். சில ஓட்டுநர்கள் மண்ணெண்ணெயால் துடைக்கிறார்கள். அது தானே ஒரு பிசுக்கை விட்டுச் செல்லும்.

நாங்கள் கையாளும் முறை இது:

1. வண்டியை நிழலில் நிறுத்திக் கண்ணாடி ஆறிய பிறகு தொடங்கவும். சூட்டில் துடைத்தால் ஈரம் உடனே காய்ந்து கோடு விழும்.

2. முதலில் உலர்ந்த துணியால் தூசியைத் தட்டவும். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு சில சொட்டு விட்டு, துணியை நனைத்து நன்கு பிழிந்து துடைக்கவும். அடுத்து வெறும் நீரில் நனைத்த துணியால் சோப்பை எடுக்கவும்.

3. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் தெளித்து மறுபடி துடைக்கவும். அதற்கும் மசியாவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பயன்படுத்தலாம். அப்போது கதவுகளைத் திறந்து வைக்கவும். அருகில் நெருப்பு கூடாது. டாஷ்போர்டில் சிந்தக் கூடாது.

4. காயுமுன் வேறொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கவும். மைக்ரோஃபைபர் துணி நல்லது. துவைத்த பழைய வேட்டித் துணியும் போதும். துணியை அடிக்கடி மடித்துப் புதுப்பக்கம் காட்டுவதே இதில் முக்கியம். அழுக்கேறிய பக்கம் பிசுக்கைத் திரும்பப் பூசிவிடும்.

5. கண்ணாடி டாஷ்போர்டைத் தொடும் மூலைக்குக் கை எட்டாது. மர ஸ்கேலில் துணியைச் சுற்றித் துடைக்கவும். பிளேடு, கம்பி நார் வேண்டாம்.

உள்பக்கத்தைக் குறுக்காகவும் வெளிப்பக்கத்தை மேலும் கீழுமாகவும் துடைத்தால், மிஞ்சிய கோடு எந்தப் பக்கம் என்று எளிதில் தெரியும். இரவில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் விட்டுப்போன இடமும் தெரிந்துவிடும்.

முன்கண்ணாடி குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை விட வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-வது விதி. 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்புத் தாள் ஒட்டத் தடை விதித்ததும் நினைவிருக்கும். தாள் ஒட்டாமல் இருக்கிறோம். பிசுக்கைத் தானே ஒட்டவிடலாமா?

மாதம் ஒருமுறை, அரை மணி நேரம் போதும். டாஷ்போர்டுக்குப் பளபளப்பு எண்ணெய் பூசுவதையும் வண்டிக்குள் சூடம் கொளுத்துவதையும் விட்டுவிடுங்கள். சரக்கு சேதமானால் அடுத்த லோடில் ஈடுகட்டலாம். சாலையில் போகும் ஓர் உயிரை எந்தக் கணக்கில் ஈடுகட்டுவது?