லேசருக்கு வெற்றிடம் ஆகுமா?

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே விண்கலத்தின் மின்னணுப் பெட்டிகளில் அதிர்வை அடக்குவது பற்றியதுதான். அவர் அனுப்பிய கலத்தில் ஒரு லேசர் கருவியும் போனது. டீ ஆறுவதற்குள் அதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

கருவியின் பெயர் லிப்ஸ். இஸ்ரோவின் பெங்களூரு லியோஸ் ஆய்வகத்தில் செய்தது. கலத்தோடு போன பிரக்யான் ரோவரில் இருந்தபடி நிலவு மண்ணில் லேசரைப் பாய்ச்சியது. பட்ட இடம் ஒரு கணம் ஒளிரும். அந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் மண்ணில் என்னென்ன தனிமங்கள் என்று தெரிந்துவிடும். 2023 ஆகஸ்டில், தென்துருவத்துப் பக்கம் கந்தகம் இருப்பதை இப்படித்தான் கண்டார்கள்.

பொதுவாக லேசருக்குள் இரண்டு ஆடிகள் எதிரெதிரே நிற்கும். ஒளி அவற்றுக்கிடையே போய்ப் போய் வந்து வலுவேறும். ஓர் ஆடி துளி சாய்ந்தாலும் ஒளி தப்பிவிடும். ராக்கெட் ஏறும்போது உலுக்கும் உலுக்கலில் சாயாமலிருக்க, ஆடிகளை இறுக்கிப் பொருத்துவார்கள், பசை வைத்தும் ஒட்டுவார்கள். பிறகு அதிர்வு மேசையில் வைத்து உலுக்கிச் சோதிப்பார்கள்.

மேலே போய்விட்டால் கவலையில்லை, தூசி கிடையாது, காற்று கிடையாது, லேசருக்கு அதைவிடச் சுத்தமான இடம் ஏது என்றுதான் நாம் எல்லோருமே நினைக்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. காற்றழுத்தம் இல்லாத இடத்தில் பசையும் பிளாஸ்டிக்கும் ஒயர் உறையும் உள்ளே இருக்கும் ஆவியை மெல்ல வெளியே விடும். தாளிக்கிற புகை ஜன்னல் கண்ணாடியில் பிசுக்காகப் படிகிற மாதிரி, அது ஆடியில் படியும். அந்தப் படிவின் மேல் லேசர் பட்டால் கருகும். கருகிய இடம் மேலும் சூட்டை இழுத்து ஆடியையே பாழாக்கும்.

அதனால் பசையைத் தேர்ந்தெடுப்பதே ஒரு தனி வேலை. வெற்றிட அறையில் 125 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். எடையில் 1 சதவீதத்துக்கு மேல் இழந்தால், பொதுவாக அந்தப் பசை வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஐரோப்பியர்கள் காற்றின் வேகத்தை அளக்கச் செய்த ஏயோலஸ் செயற்கைக்கோள் 2007-இல் கிளம்பியிருக்க வேண்டியது. அதன் புறஊதா லேசர் வெற்றிடத்தில் தன் ஆடிகளைத் தானே கருக்கிக்கொண்டது தாமதத்துக்கு ஒரு பெரிய காரணம். தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது: லேசருக்குள் கொஞ்சம் ஆக்சிஜன் கசியவிட்டார்கள். படிவு சேரச் சேர, ஆக்சிஜன் அதை எரித்து வாயுவாக்கிவிடும். 2018-இல் ஏவிய ஏயோலஸ், மூன்றாண்டுக் கணக்கைத் தாண்டி 2023 வரை காற்றை அளந்தது.