ஏர் பிடித்தான், பேர் விடவில்லை!

தோழர்களே! குதிரையிலே ஒருவன் வருகிறான். ஊர் தெரியாது, உற்றார் தெரியாது. இடுப்பிலே துப்பாக்கி, இதயத்திலே களைப்பு. போதும் இந்தப் பிழைப்பு என்று துப்பாக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, ஏழை உழவன் ஒருவனிடம் கூலியாளாகச் சேருகிறான்.

1953 இல் வெளிவந்த ‘ஷேன்’ என்ற அமெரிக்கப் படத்தின் தொடக்கம் இது. ஜாக் ஷேஃபர் எழுதிய கதை. ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கம். ஆலன் லாட் நாயகன். குதிரையும் குண்டும் காணப் போகிறவர்கள் போகட்டும். நாம் அதிலே கண்டது நிலத்தின் கதை, உழைப்பவன் கதை!

1862 இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் செய்தது. ஐந்தாண்டு குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் உனக்கே என்றது. அந்த மண்ணின் பழங்குடிகளை விரட்டிப் பறித்த நிலம் அது, அதை மறக்கலாகாது. உழவர்கள் வேலி போட்டார்கள். வரம்பின்றி மாடு மேய்த்த பண்ணையார்களுக்கு அந்த வேலி கண்ணை உறுத்திற்று. வையோமிங் மாநிலத்திலே 1892 இல் பண்ணை முதலாளிகள் டெக்சாசிலிருந்து கூலிக்குச் சுடுவோரைக் கொண்டுவந்து இறக்கினார்கள், இது வரலாறு. படத்திலே ரைக்கர் என்ற பண்ணையாரும் அதையே செய்கிறான்.

உழவன் வீட்டு முற்றத்திலே ஓர் அடிமரம், வேரோடிக் கிடக்கிறது. தனியாக மாரடித்தும் அவனால் அசைக்க முடியவில்லை. ஷேன் வந்து தோள் கொடுக்கிறான். வியர்வை கொட்ட இருவரும் அதைப் புரட்டித் தள்ளுகிறார்கள். ஒருவனால் ஆகாதது இருவரால் ஆயிற்று! படத்தின் உயிர் அங்கேதான் என்போம்.

முடிவு? மீண்டும் துப்பாக்கியை எடுக்கிறான் ஷேன். தனியாகப் போய், ரைக்கரையும் அவன் அழைத்து வந்த கொலைகாரனையும் சுட்டு வீழ்த்துகிறான். ஊருக்கு வாழ்வு வந்தது. அவனுக்கோ ஊரிலே இடமில்லை! சிறுவன் கூவி அழைக்க அழைக்க, குதிரை மலைப்பக்கம் போய்விடுகிறது. கண் கலங்குகிறது, ஆனால் கலங்கியதோடு எழுந்துவிடலாமா? கீழே வைத்த துப்பாக்கியை அவன் ஏன் மீண்டும் எடுத்தான்? அடிமரத்தைப் புரட்ட இருவர் சேர்ந்தார்கள். ஆதிக்கத்தைப் புரட்ட ஊர் சேரவில்லை!

சரி, வையோமிங்கை விட்டு நம் விழுப்புரத்துக்கு வருவோம். சுட்டவனுக்குப் புதுவாழ்வு அரிது என்கிறது படம். துப்பாக்கியைத் தொட்டே அறியாதவனுக்கு?

பிறவியிலேயே குற்றவாளிகள் என்று சில சமூகங்களின் நெற்றியிலே எழுதும் சட்டத்தை வெள்ளையன் 1871 இல் கொண்டுவந்தான். 1911 இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். ரேகை பதி என்றான், காவலர் முன் ஆஜராகு என்றான். 1947 இல் சென்னை மாகாணமும், 1952 இல் நாடு முழுவதும் அதை நீக்கின. ஏட்டிலே நீங்கியது, எண்ணத்திலே நீங்கியதா?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து இருளர்களைக் கேளுங்கள். சூளையிலே செங்கல் அறுப்பவர்கள், வயலிலே எலி பிடிப்பவர்கள். எங்கோ பூட்டு உடைந்தால் இவர்கள் குடிசைக் கதவு தட்டப்படும். 2011 இல், அன்றைய விழுப்புரம் மாவட்டத்துத் திருக்கோவிலூர்ப் பகுதியில், திருட்டு வழக்கென்று ஆண்களைப் பிடித்துச் சென்றபோது, இருளர் பெண்கள் நால்வர் காவலர்கள் மீது பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார்கள். சிறை வாசலிலேயே சாதி கேட்டு, அடுத்த வழக்குக்கு ஆள் பிடிக்கும் காட்சியை 2021 இல் வந்த ‘ஜெய் பீம்’ காட்டிற்று. படமென்று பார்த்தோம், பாடமென்று படித்தோமா?

இவர்களுக்காக எந்தக் குதிரை வீரனும் வரவில்லை. திண்டிவனத்திலே பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் வந்தது. பொய்வழக்கை எதிர்த்தது, கொத்தடிமைகளை மீட்டது, சாதிச் சான்றிதழுக்குப் போராடியது. துப்பாக்கி அல்ல தோழர்களே, மனுவும் மன்றமும்!

இன்னொன்றும் கேளுங்கள். பாம்புத்தோல் விற்றுப் பிழைத்த இருளர்களின் தொழிலை 1972 இன் வனவிலங்குச் சட்டம் மூடிற்று. அவர்கள் அழிந்தார்களா? மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978 இல் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். அதே கைகள் பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து, கடிபட்டவன் உயிர் காக்கும் மருந்துக்குக் கொடுத்தன. 2023 இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது!

ஷேன் தனியாக வந்தான், தனியாகவே போனான். இவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள், ஊரிலே நின்றார்கள்.

தோழர்களே! உங்கள் தெருவிலே சிறை மீண்டவன் ஒருவன் வேலை கேட்டு நிற்கக்கூடும். பழி சுமந்த குடும்பம் ஒன்று வாடகைக்கு வீடு தேடக்கூடும். அவன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டான். நாம் வைத்த பேரை நாம் எப்போது கீழே வைக்கப் போகிறோம்?