அளம் வரைக்கும் வைஃபை

தூத்துக்குடியில் பலருக்கு வீடு ஊருக்குள், உப்பளம் ஊருக்கு வெளியே. வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. அளத்து பம்ப் ஷெட்டில் ஒரு கேமரா மாட்டலாம் என்றால்தான் சிக்கல். ஈதர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. ஃபைபர் இழுக்க நடுவில் சாலை, ஓடை, அடுத்தவர் பாத்தி.

இதற்குக் குறைந்த செலவில் ஒரு வழி, வயர்லெஸ் பிரிட்ஜ். வீட்டு ரவுட்டர் அலையை நாலா பக்கமும் இறைக்கிறது. பிரிட்ஜின் ஆன்டெனா அதையே ஒரு திசையில் குவித்து அனுப்புகிறது. சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கிவிடலாம்.

சாதாரண வைஃபை தொலைதூரம் போகும் என்பதை நம் தேனியே காட்டியது. 2000-களின் நடுவில், அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களோடு வைஃபையால் இணைத்தது, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழு. கிராமத்து நோயாளியைத் தேனியிலிருந்தே மருத்துவர் வீடியோவில் பார்த்தார்.

அதற்கு ஒரு தடையைத் தாண்ட வேண்டியிருந்தது. வைஃபை, தான் அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற பதிலை உடனே எதிர்பார்க்கும். அலை ஒரு கிலோமீட்டரைக் கடக்க 3.3 மைக்ரோவினாடி ஆகும், 15 கி.மீ. போய்த் திரும்ப 100. அதற்குள் பொறுமை இழந்து, தொலைந்தது என்று நினைத்து மறுபடி அனுப்பும். இரு முனைகளும் முறை வைத்துப் பேசும்படி மென்பொருளை மாற்றி எழுதினார்கள். 2007-ல் வெளியான அந்த 'வைல்ட்நெட்' ஆய்வின் வன்பொருள் மலிவான வைஃபை அட்டைகள்தான். முறை வைத்துப் பேசும் உத்தி இன்று கடையில் கிடைக்கும் பல பிரிட்ஜ்களில் உண்டு.

அமைப்பதும் எளிது. வீட்டு மாடியிலுள்ள பெட்டியை 'ஆக்சஸ் பாயின்ட்' முறையிலும், அளத்துப் பெட்டியை 'கிளையன்ட்' முறையிலும் வையுங்கள். ஒன்றுக்கு 192.168.1.2, மற்றதற்கு 192.168.1.3 என்று வெவ்வேறு முகவரி. இரண்டிலும் டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள், முகவரி கொடுக்கும் வேலை வீட்டு ரவுட்டருக்கு மட்டும். மின்சாரமும் தரவு போகும் அதே லேன் கேபிளில் மேலே ஏறும். பிறகு ஒருவர் பெட்டியை மெல்லத் திருப்ப, இன்னொருவர் திரையில் சிக்னலைப் பார்க்க வேண்டும். மைனஸ் 50-க்கும் மைனஸ் 65 டிபிஎம்முக்கும் இடையே நின்றால் திருகை இறுக்கிவிடலாம்.

சமதளமான உப்பளம் இதற்கு ஏற்ற இடம். ஆனாலும் எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை ஒரு கோடாகப் போவதில்லை. நடுவழியில் பருத்து, மறுமுனையில் ஒடுங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு, நடுவில் அதன் ஆரம் சுமார் 3.7 மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையின்றி இருக்க வேண்டும். வழியில் உப்பு அம்பாரம் இருந்தால், பார்வைக் கோடு அதன் உச்சிக்கு 2 மீட்டருக்கு மேலேயே போகட்டும். பாத்தியில் தேங்கிய உப்புநீரும் அலையைப் பிரதிபலிக்கும். நேர் அலையும் பிரதிபலித்த அலையும் எதிரெதிராகச் சேர்ந்தால் சிக்னல் விழும். பெட்டியை அரை மீட்டர் ஏற்றி இறக்கினால் பல நேரம் சரியாகும்.

துறைமுகத்துக் கப்பல்களால் தொல்லை வருமோ என்று அஞ்ச வேண்டாம். அவற்றின் ரேடார்கள் 3, 9 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குகின்றன. அனுமதி பற்றியும் கவலை வேண்டாம்: வரையறுத்த சக்திக்குள் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2005 முதலும், வெளிப்புற 5 கிகாஹெர்ட்ஸுக்கு 2018 முதலும் இந்தியாவில் உரிமம் தேவையில்லை.

உண்மையான பகை உப்புக் காற்றுதான். கேபிள் முனையின் செம்பு பச்சை பூத்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும். மூடியை இறுக்கி, கேபிளைச் சுவருக்குள் நுழையுமுன் கொஞ்சம் கீழே தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். ஐப்பசி இடிக்கு 'எர்த்' கட்டாயம்.

பெட்டி வாங்குமுன், அம்பாரங்கள் குவிந்திருக்கும் கோடையில் ஒருமுறை மாடியேறிப் பாருங்கள். வழி மறைந்தால் எவ்வளவு விலை உயர்ந்த பெட்டியும் உதவாது. அந்தக் காசில் பத்தடி கூடுதல் இரும்புக் குழாய் வாங்குவதே மேல்.