காதுக்குள் ஒரு பறை

காதுவலி என்று போகிறீர்கள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "செவிப்பறையில் ஓட்டை" என்கிறார். அது என்ன பறை? ஓட்டை விழுந்தால் காது போய்விட்டதா?

காதுத் துவாரத்தில் சுமார் 2.5 செ.மீ. உள்ளே, வழியை அடைத்தபடி ஒரு சவ்வு இருக்கிறது. அதுதான் செவிப்பறை (ஒலி பட்டால் அதிரும் தோல்). சட்டைப் பொத்தான் அகலம்தான். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

அதற்குப் பின்னால்? நடுச்செவி (காற்று நிரம்பிய சிற்றறை). அதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று குட்டி எலும்புகள் கைகோத்து நிற்கின்றன. அங்கவடிதான் (குதிரையில் ஏறக் கால் வைக்கும் வளையம்) நம் உடம்பிலேயே சிறிய எலும்பு. சுமார் 3 மில்லிமீட்டர்.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு? உட்காதில் இருப்பது திரவம். கிணற்றில் முங்கியிருக்கும்போது மேலே நிற்பவர் கத்தினாலும் சரியாகக் கேட்பதில்லை அல்லவா? காற்றில் வரும் ஒலி தண்ணீரில் பட்டுப் பெரும்பாலும் திரும்பிவிடும். அதனால்தான் பெரிய சவ்வில் விழும் அதிர்வை எலும்புகள் வாங்கி, அதைவிடப் பல மடங்கு சிறிய, உட்காதின் ஒரு ஜன்னலில் குவிக்கின்றன. அழுத்தம் ஏறக்குறைய 20 மடங்கு கூடுகிறது.

ஊட்டி பஸ் மலை ஏறும்போது காது ஏன் அடைக்கிறது? தப்புப் பறைக்குப் பின்பக்கம் திறந்திருக்கும். செவிப்பறைக்குப் பின்னால் இருப்பதோ மூடிய அறை. மூக்கின் பின்புறத்துக்குப் போகும் ஒரு குழாய் மட்டுமே அதற்குக் காற்றுவழி. வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்ததும் உள்ளே இருக்கும் காற்று சவ்வை வெளியே தள்ளுகிறது. எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ குழாய் திறந்து, 'டப்' என்று காது விட்டுவிடும். இறங்கும்போது சற்றுக் கூடுதலாகத் தொந்தரவு தரும், மிட்டாய் சப்புங்கள். சளி பிடித்திருக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு பலமாக ஊதாதீர்கள், கிருமி காதுக்குப் போகும்.

குழந்தைகளுக்கு ஏன் அடிக்கடி காதுவலி? அவர்களுக்கு இந்தக் குழாய் குட்டையாகவும் ஏறக்குறையப் படுக்கையாகவும் இருக்கிறது. மூக்குச்சளி எளிதில் நடுச்செவியை எட்டிவிடும். அதனால் குழந்தையைப் படுக்கவைத்துப் புட்டிப்பால் தராதீர்கள், தலையைத் தூக்கிப் பிடியுங்கள். இரவெல்லாம் அழுத குழந்தை திடீரென்று அமைதியாகி, தலையணையில் சீழ் தெரிந்தால் வலி தீர்ந்ததென்று விட்டுவிட வேண்டாம். சவ்வு கிழிந்து சீழ் வெளியே வந்திருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, ஓட்டை அடையுமா? பெரும்பாலும் அடையும். அடிபட்டதால் விழுந்த சிறு ஓட்டை சில வாரங்களில் தானே மூடிவிடும். செவிட்டில் விடும் ஒரே அறைகூடச் சவ்வைக் கிழிக்கும் என்பதைக் கை ஓங்குகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். நாள்பட்டுச் சீழ் வடியும் காதுக்கும் பெரிய ஓட்டைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். காதுக்கு மேலே உள்ள தசையின் உறையிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்டுப்போடுவார்கள்.

ஓட்டை மூடும்வரை காதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக் கூடாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வையுங்கள். நீச்சல் வேண்டாம். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய்? பாட்டி மேல் மரியாதை வையுங்கள், எண்ணெயை மட்டும் ஊற்றாதீர்கள். ஓட்டை வழியே அது நேராக நடுச்செவிக்குள் இறங்கும். போன முறை மிஞ்சிய சொட்டு மருந்தும் வேண்டாம். ஓட்டை உள்ள காதுக்கு எல்லா மருந்தும் ஆகாது.

ஓட்டையே இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோழி இறகு, ஊக்கு, பட்ஸ் எதுவும் உள்ளே போக வேண்டாம். குறும்பி தானாகவே வெளியே வரும். குடைந்தால் அது இன்னும் ஆழத்துக்குத்தான் போகும்.

பெயருக்கு வருவோம். லத்தீனிலும் செவிப்பறைக்கு 'டிம்பனம்' என்றுதான் பெயர்; அதற்கும் பறை என்றே பொருள்.

தவளைக்கும் செவிப்பறை உண்டு, காதுத் துவாரம்தான் இல்லை. அடுத்த மழைக்குக் கொல்லையில் ஒன்று வந்தால் கண்ணுக்குப் பின்னால் பாருங்கள். பல தவளைகளுக்கு அந்த வட்டத் தோல் வெளியிலேயே தெரியும்.