ஆபரேஷனுக்குப் பிறகு வலி குறைஞ்சுது. ஆபரேஷனாலதான் குறைஞ்சுதா?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன்.

ஒருத்தருக்கு முழங்கால் வலி. டாக்டர்கிட்ட போறார். ஸ்கேன் எடுக்கறாங்க, ஆபரேஷன் பண்றாங்க. மூணு மாசத்துல வலி நல்லாவே குறைஞ்சிடுது. ஆபரேஷன்தான் வலியைக் குறைச்சுதுன்னு அவர் நம்புவார். ஆபரேஷன் பண்ண டாக்டரும் நம்புவார். அதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் தன் முழங்காலைத் தூக்கிக்கிட்டு அதே டாக்டர்கிட்ட போவார். மூணு பேர்ல யாரும் பொய் சொல்லல. ஆனாலும் மூணு பேர் நினைக்கிறதும் தப்பா இருக்க வாய்ப்பிருக்கு.

அது எப்படின்னுதான் இந்த எபிசோட்ல பேசப்போறோம். நம்மள்ல நிறைய பேருக்கு இப்ப அப்பா அம்மாவோட ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்து, "சரி, பண்ணிடலாம்"னு கையெழுத்துப் போடற வயசு. அதனால இது வெறும் பொது அறிவு விஷயம் இல்ல.

மாத்திரைக்கு ஒரு நியாயம், கத்திக்கு ஒரு நியாயம்

ஒரு புது மாத்திரை வேலை செய்யுதான்னு எப்படிப் பார்ப்பாங்க? நோயாளிகளை ரெண்டு குழுவா பிரிப்பாங்க. யார் எந்தக் குழுன்னு குலுக்கல் முறையில முடிவாகும். ஒரு குழுவுக்கு நிஜ மாத்திரை, இன்னொரு குழுவுக்கு பார்க்க அதே மாதிரி இருக்கற, மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது போச்சுன்னு நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கற டாக்டருக்கும் தெரியாது. மருந்தில்லாத மாத்திரையை விட நிஜ மாத்திரை நல்லா வேலை செஞ்சாதான் அதுக்கு மதிப்பு.

ஆபரேஷனுக்கு இந்த வழக்கம் ரொம்ப நாளா இல்ல. ஒரு சர்ஜன் ஒரு புது முறையைக் கண்டுபிடிப்பார், பத்து பேருக்குப் பண்ணுவார், எட்டு பேர் "பரவால்ல டாக்டர்"னு சொல்வாங்க, முறை பரவிடும். மருந்தில்லாத மாத்திரை மாதிரி, சிகிச்சையே இல்லாத ஆபரேஷன் ஒண்ணு பண்ணிப் பார்க்க முடியுமா? முடியும். பண்ணியும் இருக்காங்க. ஆங்கிலத்துல இதை ஷாம் சர்ஜரின்னு சொல்றாங்க. நான் இதை "பாவனை ஆபரேஷன்"னு சொல்றேன்.

நெஞ்சுல ஒரு கீறல்: 1959

1950கள்ல அமெரிக்காவுல நெஞ்சுவலிக்கு ஒரு ஆபரேஷன் பிரபலம். இதயத்துக்கு ரத்தம் பத்தாம நடந்தா நெஞ்சு வலிக்குமே, அந்த வலிக்கு. நெஞ்செலும்புக்கு ரெண்டு பக்கமும் உள்பக்கமா ஓடற ரத்தக்குழாய்களைக் கட்டிடுவாங்க. வாய்க்கால்ல ஒரு பக்கம் மண்ணைப் போட்டு அடைச்சா தண்ணி அடுத்த வயலுக்குப் பாயும்ல, அதே யோசனை. இந்தக் குழாயைக் கட்டினா ரத்தம் இதயத்துப் பக்கம் திரும்பும்னு நினைச்சாங்க. ஆபரேஷன் பண்ணிக்கிட்ட நிறைய பேர் வலி குறைஞ்சதாவே சொன்னாங்க.

சியாட்டில்ல லெனர்ட் காப்-ங்கற டாக்டரும் அவரோட குழுவும் 17 நோயாளிகளை எடுத்துக்கிட்டாங்க. எல்லாருக்கும் நெஞ்சுல கீறல் போட்டாங்க. 8 பேருக்கு மட்டும் குழாயைக் கட்டினாங்க. மத்த 9 பேருக்குக் கட்டாமலே தையல் போட்டு மூடிட்டாங்க. 1959-ல முடிவு வெளிவந்துச்சு. கட்டினவங்களும் கட்டாதவங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தேறியிருந்தாங்க. 1960-ல கான்சாஸ்ல டைமண்ட் குழு 18 பேர்கிட்ட இதையே செஞ்சு பார்த்தது. வெறும் கீறல் மட்டும் போட்ட 5 பேருமே வலி குறைஞ்சதா சொன்னாங்க.

அதோட அந்த ஆபரேஷன் கதை முடிஞ்சுது. இவ்வளவு சின்ன எண்ணிக்கை, ஆனா கேட்ட கேள்வி சரியா இருந்ததால அவ்வளவு பெரிய பதில்.

இதுல ஒரு உறுத்தல் இருக்கு. சியாட்டில் நோயாளிகளுக்குத் தங்களுக்கு வெறும் கீறலும் போடப்படலாம்னு யாரும் சொல்லவே இல்ல. இன்னைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது.

ஹூஸ்டன் முழங்கால்கள்: 2002

அடுத்த பெரிய சோதனைல அந்த உறுத்தல் சரி செய்யப்பட்டுச்சு. இடம் ஹூஸ்டன், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை. சர்ஜன் புரூஸ் மோஸ்லி. சிகிச்சை, முழங்கால் ஆர்த்ரோஸ்கோபி. சின்ன ஓட்டை வழியா கேமராவை விட்டு, தேய்ஞ்ச குருத்தெலும்பைச் செதுக்கி, உள்ளே கழுவி விடறது. மூட்டுத் தேய்மானத்துக்கு அமெரிக்காவுல வருஷத்துக்கு 6,50,000-க்கும் மேல இது நடந்துக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணுக்குச் செலவு சுமார் 5,000 டாலர்.

மோஸ்லி குழு 180 பேரை மூணா பிரிச்சது. ஒரு குழுவுக்குச் செதுக்கிக் கழுவறது, ஒரு குழுவுக்கு வெறும் கழுவல், ஒரு குழுவுக்குப் பாவனை. எந்தக் குழுன்னு சர்ஜனுக்கே ஆபரேஷன் தியேட்டருக்குள்ள உறையைப் பிரிக்கும்போதுதான் தெரியும். பாவனைக் குழுவுக்கு ஊசி போட்டுத் தூங்க வெச்சு, முழங்கால்ல 1 செ.மீ. அளவுல மூணு கீறல் போட்டாங்க. சர்ஜன் நிஜ ஆபரேஷன் மாதிரியே ஒவ்வொரு கருவியா கேட்டு வாங்குவார், காலை மடக்கி நீட்டுவார். கழுவற சத்தம் வரணும்னு தண்ணியைத் தெளிச்சுக்கூட விட்டாங்க. அப்புறம் எல்லாரையும் போல ஒரு ராத்திரி ஆஸ்பத்திரில தங்க வெச்சாங்க.

இந்தத் தடவை எல்லாரும் தெரிஞ்சேதான் வந்தாங்க. "எனக்குப் பாவனை ஆபரேஷன் மட்டுமே நடக்கலாம், அதனால மூட்டுத் தேய்மானம் சரியாகாது"ங்கற பொருள்ல தன் கைப்படவே எழுதிக் கொடுக்கணும். தகுதியான 324 பேர்ல 144 பேர் வேண்டாம்னு ஒதுங்கிட்டாங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு வலியை 0-லேர்ந்து 100 வரைக்கும் அளந்தாங்க. எண் கூடினா வலி கூடன்னு அர்த்தம். செதுக்கின குழு 51.4, கழுவின குழு 53.7, பாவனைக் குழு 51.6. சொல்லிக்கற மாதிரி எந்த வித்தியாசமும் இல்ல.

எதிர்ப்பும் வந்துச்சு. "ஒரே சர்ஜன், பெரும்பாலும் ஆண்கள், ஒரே ஆஸ்பத்திரி"ன்னாங்க. நியாயமான கேள்விகள்தான். அப்புறம் பின்லாந்துல அஞ்சு மருத்துவமனைகள்ல, 35-லேர்ந்து 65 வயசுக்குள்ள 146 பேர்கிட்ட வேற ஒரு கேள்வியைச் சோதிச்சாங்க. வயசாகறதால தானா கிழியற மெனிஸ்கஸ், அதாவது முழங்கால் சவ்வு. அதை வெட்டிச் சரி பண்றது உதவுதா? 2013-ல பதில் வந்துச்சு: ஒரு வருஷத்துக்கு அப்புறம் பாவனைக்கும் நிஜத்துக்கும் குறிப்பிடற மாதிரி வித்தியாசம் இல்ல. 2017-ல பிஎம்ஜே மருத்துவ இதழ் கூட்டின நிபுணர் குழு, தேய்மான முழங்காலுக்கு ஆர்த்ரோஸ்கோபி வேண்டாம்னு அழுத்தமாவே பரிந்துரைச்சது.

ஒரு எச்சரிக்கை. விளையாடும்போது பலமா அடிபட்டு முழங்கால் சவ்வு கிழியறது, காலை நீட்டவே முடியாம மூட்டு பூட்டிக்கறது, இதெல்லாம் வேற கதை. நான் சொல்றது தேய்மானத்தால வர்ற வலியைப் பத்தி மட்டும்தான்.

அப்போ வலி எப்படிக் குறைஞ்சுது?

"அவங்க வலியே கற்பனையா?" இல்லவே இல்ல. வலி நிஜம், குறைஞ்சதும் நிஜம். காரணம்தான் வேற.

ஒண்ணு, இந்த மாதிரி வலி ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும். நாம டாக்டர்கிட்ட எப்போ போறோம்? தாங்க முடியாத உச்சத்துல. உச்சத்துக்கு அப்புறம் என்ன பண்ணினாலும், பண்ணாட்டாலும், கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

ரெண்டு, எதிர்பார்ப்பு. தியேட்டர், பச்சை உடுப்பு, மயக்க ஊசி, தழும்பு, செலவு பண்ண பணம். இவ்வளவு பெரிய சடங்குக்கு அப்புறம் மூளை வலியை வேற மாதிரி எடை போடுது.

மூணு, ஆபரேஷனோட கூடவே வர்ற விஷயங்கள். ஓய்வு, பிசியோதெரபி, வீட்டுல எல்லாரும் பண்ற கவனிப்பு. பலனை இவங்க கொடுப்பாங்க, பேரைக் கத்தி வாங்கிக்கும்.

ஸ்டென்ட்: கதை ரெண்டு பக்கமும் திரும்பும்

ஆபரேஷன் எல்லாமே ஏமாத்து வேலைன்னு யாராவது இதுக்குள்ள வாட்ஸ்அப்ல போட ஆரம்பிச்சிருந்தா, கொஞ்சம் நிறுத்துங்க.

2017-ல லண்டன் இம்பீரியல் காலேஜைச் சேர்ந்த ரஷா அல்-லமீ குழு, ஆர்பிடாங்கற சோதனையை வெளியிட்டது. நிலையான நெஞ்சுவலி இருக்கற 200 பேர், எல்லாருக்கும் ஒரு ரத்தக்குழாய்ல பலமான அடைப்பு. முதல்ல ஆறு வாரம் மருந்துகளை நல்லா சீர் பண்ணாங்க. அப்புறம் பாதிப் பேருக்கு ஸ்டென்ட், பாதிப் பேருக்குப் பாவனை. டாக்டர்கள் பேசறது கேட்கக் கூடாதுன்னு நோயாளிகள் காதுல ஹெட்போன் மாட்டிப் பாட்டு போட்டுவிட்டாங்க. ஆறு வாரம் கழிச்சு டிரெட்மில்ல நடக்க வெச்சப்போ, ஸ்டென்ட் குழு பாவனைக் குழுவை விட வெறும் 16.6 விநாடிதான் கூடுதலா முன்னேறி இருந்தது. அது தற்செயலாவும் இருக்கலாம்ங்கற அளவு வித்தியாசம்தான்.

ஆனா அதே குழு அங்கேயே நிறுத்திக்கல. "மருந்து ஏற்கெனவே வேலை செஞ்சதால ஸ்டென்ட்டோட பலன் மறைஞ்சிருக்குமோ?"ன்னு அடுத்த சோதனை வெச்சாங்க. 301 பேர், நெஞ்சுவலி மருந்துகளை நிறுத்திட்டு. 2023-ல முடிவு வந்துச்சு: பாவனையை விட ஸ்டென்ட் நெஞ்சுவலியைத் தெளிவாவே குறைச்சது. பாவனை ஆபரேஷன், நிஜ ஆபரேஷனுக்கு ஆதரவாவும் சாட்சி சொல்லும்.

இன்னொண்ணையும் மறந்துடாதீங்க. மாரடைப்பு வந்துக்கிட்டு இருக்கற நேரத்துல வைக்கற ஸ்டென்ட் உயிரைக் காப்பாத்தற சிகிச்சை. அதுல இந்தக் குழப்பமே வேண்டாம்.

மொத்தமா பார்த்தா என்ன நிலவரம்? 2014-ல பிஎம்ஜே-ல வந்த ஆய்வு, இந்த மாதிரி 53 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. 39-ல பாவனைக் குழுவும் தேறியிருந்தது. 27-ல நிஜத்துக்கும் பாவனைக்கும் வித்தியாசம் இல்ல. மீதி 26-ல நிஜ ஆபரேஷன் ஜெயிச்சது, ஆனா பெரும்பாலும் சின்ன வித்தியாசத்துலதான்.

ஒருத்தரைச் சும்மா கீறலாமா?

எனக்கும் இதைப் படிக்கும்போது வயித்தைப் பிசைஞ்சுது. நல்லது பண்ணாதுன்னு தெரிஞ்சே ஒருத்தர் உடம்புல கத்தி வைக்கறது எந்த ஊர் நியாயம்? நான் வந்து நிக்கற இடம் இது: சோதிக்கப்படாத ஆபரேஷன்லயும் கத்திதான் வைக்கறோம், அதுவும் லட்சக்கணக்கான பேருக்கு. 180 பேர் தெரிஞ்சு சம்மதிச்சு எடுத்துக்கிட்ட ஆபத்து, வருஷத்துக்கு 6,50,000 பேர் தெரியாம எடுத்துக்கிட்ட ஆபத்தைக் கேள்வி கேட்டது. ஆனா வலியையோ நடமாட்டத்தையோ சரி பண்ற ஆபரேஷன்களுக்குத்தான் இது பொருந்தும். குடல்வால் வெடிச்சவரை வெச்சுக்கிட்டு யாரும் பாவனை பண்ண முடியாது.

உங்க வீட்டுக்கு

முழங்கால் மாற்று ஆபரேஷன் பத்திக் கேட்பீங்கன்னு தெரியும். அது வேற சிகிச்சை. 2015-ல டென்மார்க்ல 100 பேர்கிட்ட சோதிச்சப்போ, மூட்டு மாத்தினவங்க 100-க்கு 32.5 புள்ளி முன்னேறினாங்க. உடற்பயிற்சி, எடைக்குறைப்பு, மாத்திரைன்னு ஆபரேஷன் இல்லாம போனவங்க 16. ஆனா கடுமையான பக்க விளைவுகள் மாத்தினவங்க பக்கம் 24, இன்னொரு பக்கம் 6. மூட்டு மாத்தினா பலனும் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி. அந்த டென்மார்க் சோதனைல பாவனைக் குழு இல்லங்கறதையும் நினைவுல வெச்சுக்கோங்க.

நான் டாக்டர் இல்ல. டாக்டரைச் சந்தேகப்படச் சொல்லவும் இல்ல. அவசரமில்லாத ஆபரேஷன்னா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க:

- இப்ப பண்ணலேன்னா என்ன ஆகும்?
- ஆறு மாசம் பிசியோதெரபியும் மருந்தும் பார்த்துட்டு முடிவு பண்ணலாமா?
- என்னை மாதிரி நோயாளிகள் நூறு பேர்ல எத்தனை பேருக்கு இதால பலன் கிடைக்கும், எத்தனை பேருக்குச் சிக்கல் வரும்?
- இந்த ஆபரேஷனை, ஆபரேஷன் பண்ணாதவங்களோட ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்களா?

நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். "பண்ணிக்கிட்ட எல்லாரும் நல்லா இருக்காங்க"ன்னு மட்டும் பதில் வந்தா, பண்ணிக்காதவங்க எப்படி இருக்காங்கன்னு திருப்பிக் கேளுங்க. சியாட்டில்லயும் ஹூஸ்டன்லயும் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். அதுவரைக்கும் முழங்காலைப் பத்திரமா பார்த்துக்கோங்க.