பால்மரமும் வல்லரசின் கிடங்கும்

அயல்நாட்டுக் கொள்கை என்றதும் தூதரகங்களும் உடன்படிக்கைகளும் போர்க்கப்பல்களுமே நம் நினைவிற்கு வருகின்றன. அது தலைநகரத்தார்க்கு உரிய செய்தி. தோட்டத்து உழைப்பாளிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கருதுவோர் பலர். இக்கருத்து எத்துணைப் பிழையுடையது என்பதை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

சுங்கை பெசாரிலிருந்து கடலோரச் சாலை வழியே தெற்கு நோக்கி வருவோர், செக்கிஞ்சான், தஞ்சோங் காராங் நெல்வயல்களைக் கடந்து கோலசிலாங்கூரை அடைவர். அங்கிருந்து உட்புறம் திரும்பினால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என முன்னர் வழங்கிய பெஸ்தாரி ஜெயா எனத் தோட்டப் பகுதிகள் தொடர்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன் பால்மரம் நின்ற நிலத்தின் பெரும்பகுதியில் இன்று செம்பனை நிற்கிறது. இம்மாற்றத்திற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, அமெரிக்க அரசு ரப்பரை வாங்கிய முறையும் பின்னர் விற்ற முறையும் ஆகும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

போர் கற்பித்த பாடம்

1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. அமெரிக்கா தனக்கு வேண்டிய இயற்கை ரப்பரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கைத் தென்கிழக்காசியாவிலிருந்தே பெற்று வந்தது. அவ்வழி ஒரே நாளில் அடைபட்டது போலாயிற்று. டயரின்றி இராணுவ வண்டி ஓடாது, வானூர்தியும் இறங்காது. ஆகவே அந்நாட்டு அரசு பெரும்பொருள் செலவிட்டுச் செயற்கை ரப்பர் ஆலைகளை அமைத்தது. போர் முடிவதற்குள் அவ்வாலைகள் ஆண்டுக்கு ஏழு இலட்சம் டன்னுக்கும் மேல் ஆக்கும் நிலையை எய்தின.

போர் முடிந்த பின்னரும் அந்த அச்சம் நீங்கவில்லை. 1946இல் இன்றியமையாப் பொருள்களைக் கிடங்கில் சேர்த்து வைப்பதற்கென அமெரிக்காவில் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அவ்வாறு சேர்க்கப்பட்டவற்றுள் ரப்பரும் ஒன்று. இவ்விரு செயல்களையும் வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். பின்னர் நம் தோட்டங்களில் நிகழ்ந்த ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது.

கொரியப் போரும் கூலியும்

1950 ஜூன் மாதம் கொரியாவில் போர் மூண்டது. அமெரிக்க அரசு கிடங்கை விரைந்து நிரப்ப முற்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அந்நாட்டிற்கு ரப்பர் இறக்குமதி செய்யும் உரிமை முழுவதையும் அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. விலை விண்ணை நோக்கி எழுந்தது. 1949இல் இராத்தல் ஒன்றுக்குச் சராசரி 38 காசாக இருந்த ரப்பர், 1950இல் 108 காசாகவும், 1951இல் 169 காசாகவும் ஏறியது. 1953இலோ 67 காசுக்கு வீழ்ந்தது. நான்கே ஆண்டுகளில் இத்துணை ஏற்றத்தாழ்வு!

ரப்பர் விலைக்கேற்பத் தோட்டக் கூலியும் ஏறி இறங்கும் முறை அக்காலத்து ஒப்பந்தங்களில் இடம்பெற்றது. விலையேற்றத்தின் பயன் தொழிலாளிக்கும் ஓரளவு கிட்டிற்று என்பது உண்மை. ஆயினும் அரிசியும் துணியும் உடன் விலையேறின. ஆகவே கைக்கு வந்த வெள்ளி முழுவதும் கையில் நிற்கவில்லை. விலை இறங்கியபோது கூலியும் இறங்கியது. விடியுமுன் எழுந்து நிரைக்குச் சென்று, மரந்தோறும் மங்கு வைத்துப் பால்வெட்டிய பெண்ணின் உழைப்பு 1951இலும் 1953இலும் ஒன்றே. மாறியது மரமன்று, மனிதருமல்லர். கடல் கடந்த கிடங்கொன்றின் தேவையே மாறியது.

அது அவசரகாலமும் ஆகும். 1948இல் இடதுசாரித் தொழிற்சங்கக் கூட்டமைப்பு தடைசெய்யப்பட்டது. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் முன்னின்று பங்குகொள்ள, பொதுவுடைமை சாராத அனைத்துலகத் தொழிற்சங்கச் சம்மேளனம் இலண்டனில் தோன்றியது. மலாயாவின் புதிய சங்கங்கள் அவ்வழியில் வளர்ந்தன. 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. அதன் பொதுச் செயலாளர் பி. பி. நாராயணன் 1975இல் அந்த அனைத்துலகச் சம்மேளனத்திற்கே தலைவரானார். வல்லரசுகளின் பனிப்போர் நம் சங்கங்களின் அமைப்பிலும் தன் சுவட்டைப் பதித்தது என்பதற்கு இது சான்று.

இலங்கை சென்ற வேறு வழி

இதே காலத்தில் இலங்கை வேறு வழியை நாடியது. 1951 மே மாதம் ஐக்கிய நாட்டு மன்றம், போர்க்குப் பயன்படும் பொருள்களைச் சீனத்திற்கு அனுப்புதல் கூடாதெனத் தீர்மானித்தது. பிரிட்டன் ஆட்சியிலிருந்த மலாயா அதன்படி ஒழுகியது. விடுதலை பெற்றிருந்த இலங்கை அப்போது அம்மன்றத்தின் உறுப்பினரல்லாமையால், 1952 டிசம்பரில் சீனத்துடன் ரப்பருக்கு அரிசி என்னும் உடன்படிக்கை செய்தது. ஆண்டுதோறும் ஐம்பதினாயிரம் டன் ரப்பருக்கு ஈடாக இரண்டு இலட்சத்து எழுபதினாயிரம் டன் அரிசி பெறுவதென ஏற்பாடு. இதன் விளைவாக அமெரிக்கப் பொருளுதவி 1956 வரை அதற்கு மறுக்கப்பட்டது. ஒரே மரம், ஒரே பால். ஆயினும் தன் பொருளை யாருக்கு விற்பதென்னும் உரிமை உடையதற்கும் இல்லாததற்கும் உள்ள வேற்றுமை இதனால் விளங்கும்.

கிடங்கு திறந்தது

ஐம்பதுகளின் இறுதியில் நிலைமை தலைகீழாயிற்று. செயற்கை ரப்பர் ஆலைகள் 1955இல் தனியார்க்கு விற்கப்பட்டு மேன்மேலும் வளர்ந்தன. இயற்கை ரப்பரின் அமைப்பையே ஒத்த புதுவகைச் செயற்கை ரப்பரும் கண்டறியப்பட்டது. இனி அவ்வளவு பெரிய சேமிப்பு வேண்டா என்று கருதிய அமெரிக்க அரசு, 1959 முதல் கிடங்கு ரப்பரை விற்கலாயிற்று. 1960இல் சராசரி 108 காசாக இருந்த விலை படிப்படியாக இறங்கி 1967இல் சுமார் 54 காசாயிற்று. செயற்கை ரப்பரின் போட்டி முதற்காரணம். கிடங்கு விற்பனை அதற்குத் துணைசெய்தது. துங்கு அப்துல் ரகுமானின் அரசு இதனை எதிர்த்துப் பன்முறை முறையிட்டது.

1966 அக்டோபரில் அமெரிக்க அதிபர் ஜான்சன் மலேசியாவிற்கு வந்தார். நெகிரி செம்பிலானில் உள்ள பெல்டா நிலக்குடியேற்றம் ஒன்றைப் பார்வையிட்டார். அது பின்னர் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. நிலமற்றோர்க்கு நிலம் வழங்கிய அத்தகைய குடியேற்றங்களில் மலாய்க்காரரே மிகப் பெரும்பான்மையர். தோட்டத் தமிழர்க்கு அங்கு இடம் அரிதாகவே கிட்டிற்று.

தோட்டம் கலைந்த வரலாறு

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில், வருங்காலம் பற்றி ஐயுற்ற ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். இத்துண்டாடலை அறிஞர் உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கியது, இதற்கு நம்மவர் கண்ட விடையாகும். எஞ்சிய தோட்டங்களிலோ, ரப்பரின் விலைவீழ்ச்சி கண்ட நிறுவனங்கள் செம்பனைக்கு மாறின. கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமாரம் தோட்டத்தில் 1917இலேயே வாணிக முறையில் செம்பனை நடப்பட்டது. அம்மரமே அரை நூற்றாண்டு கழித்துச் சுற்றுவட்டாரமெங்கும் பரவியது. ஏக்கர் அளவில் நோக்கினால் செம்பனைக்கு வேண்டிய ஆட்கள் ரப்பருக்கு வேண்டியவரினும் குறைவு. ஆள் குறைய லயம் வெறுமையாயிற்று. லயம் வெறுமையாகப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தனர். 1957இல் 880க்கு மேலிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 என்னும் அளவில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்கா நம் தோட்டங்களைக் கலைக்க வேண்டுமென்று எண்ணியதில்லை. தன் பாதுகாப்பு கருதி வாங்கியது. தேவை தீர்ந்ததும் விற்றது. அத்தீர்மானங்களை எடுத்தோர்க்கு ஈஜோக் எங்குள்ளது என்பது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரே விளைபொருளை நம்பி, சொந்தமாகக் காணிநிலமும் இன்றி வாழ்ந்த மக்களிடத்தே அதன் சுமை முழுவதும் இறங்கியது என்பதே நாம் கருதத்தக்கது. செம்பனைக்கு மாறிய பின்னரும் இச்சார்பு நீங்கவில்லை: எண்பதுகளில் அமெரிக்க சோயா விவசாயிகள் செம்பனை எண்ணெய்க்கு எதிராகப் பெரும் பிரசாரம் நடத்தினர்.

ஆசிரியப் பெருமக்கள் வரலாற்றுப் பாடத்தில் கொரியப் போரைக் கூறும்போது, பிள்ளைகளைத் தம் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லலாம்: “ரப்பர் விலை ஏறிய காலம், இறங்கிய காலம் பற்றி உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்?” அவர் கூறும் விடையும் உலக வரலாற்றின் ஓர் ஏடே ஆகும்.